ஒரே பெயின்ட், ஒரே கை, நான்கு வீல்: ஒன்று மட்டும் ஏன் உரிந்தது?

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது இடது பின் வீலில் துணி எதிலோ மாட்டியது. குனிந்து பார்த்தேன். வீலின் ஒரு ஆரத்தில் (ஸ்போக்கில்) பெயின்ட் நுனி தூக்கியிருந்தது. நகத்தால் லேசாகத் தொட்டேன். ஆறிய பாலின் மேல் ஆடையை எடுப்பது போல, உள்ளங்கை அளவுக்கு ஒரே துண்டாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் வெள்ளை வெளேரென்று அலுமினியம். பெயின்ட்டுக்கு அடியில் அடிக்கும் பிரைமரின் தடம்கூட இல்லை.

மற்ற மூன்று வீல்களையும் அதே நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அசையவில்லை. நான்குக்கும் ஒரே கடையில் வாங்கிய பெயின்ட்தான், அடித்ததும் நான்தான். அதே மொட்டைமாடியில், பத்து நாள் இடைவெளிக்குள் முடித்த வேலை. அப்படியிருக்க ஒன்று மட்டும் ஏன் உரிய வேண்டும்? அதற்கு விடை தேடியபோது கற்றுக்கொண்டதைத்தான் முதலிலிருந்து எழுதுகிறேன். பழைய அலாய் (அலுமினியக் கலவை) வீல் வாங்கி வீட்டிலேயே பெயின்ட் அடிக்க நினைப்பவர்களுக்குப் பணமும் மிச்சமாகும், அதைவிட முக்கியமாக ஒரு ஆபத்தும் தவிரும்.

வீல் வாங்கிய கதை

வண்டி 2013 மாருதி சுஸுகி ஸ்விஃப்ட், விஎக்ஸ்ஐ ரகம். இரும்பு வீல், 165/80 ஆர்14 டயர். டயர் தேய்ந்து எப்படியும் நான்கையும் மாற்ற வேண்டிய நேரம். அப்போதுதான் அதே மாடலின் மேல் ரகமான இசட்எக்ஸ்ஐ வண்டியில் வரும் 15 அங்குல அலாய் வீலைப் பழையதாக வாங்கிப் போடலாம் என்று தோன்றியது. அதற்கான டயர் 185/65 ஆர்15. கணக்குப் போட்டுப் பார்த்தால் 14 அங்குல டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ., 15 அங்குலத்தினுடையது சுமார் 621 மி.மீ. ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. டிக்கியில் கிடக்கும் பழைய ஸ்டெப்னியும் அவசரத்துக்கு உதவும். இந்த ஸ்டெப்னி பிறகு எனக்கு உண்மையிலேயே கைகொடுத்தது.

சென்னையில் பழைய உதிரி பாகம் என்றால் புதுப்பேட்டைதான். அங்கே போகும் முன் சில எண்களை மனதில் வைத்துக்கொண்டு போவது நல்லது. ஸ்விஃப்ட்டுக்கு நான்கு துளை, துளைகளின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ., நடு ஓட்டை 54.1 மி.மீ. '4க்கு 100' என்பது ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் ஐ10 போன்ற பல வண்டிகளுக்கும் பொது. அதனால் "எல்லாம் உட்காரும் சார்" என்று சொல்வார்கள். உட்காரும், ஆனால் சரியாக உட்காராது. ஹோண்டா கம்பெனி வீலில் நட்டு அமரும் இடம் பந்து மாதிரி குழிவாக இருக்கும். சுஸுகி நட்டின் முனையோ கூம்பு. கூம்பைக் குழியில் வைத்து இறுக்கினால் மெல்லிய ஒரு வளையம் மட்டுமே தொடும், நாளடைவில் தளரும். அதனால் அதே மாடலின் வீலையே தேடினேன். வீலின் பின்புறம் அளவும், ஈ.டி. என்ற எழுத்துகளோடு ஆஃப்செட் எண்ணும் (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது), ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பானியத் தர முத்திரையும் அச்சில் எழும்பியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.

நான்கும் சேர்த்து 9,000 ரூபாய்க்கு முடிந்தது. முகத்தில் பிளாட்பாரத்தில் உரசிய காயங்கள், மேலே பூசும் நிறமற்ற கிளியர் கோட்டுக்கு அடியில் புழு ஓடிய மாதிரி வெள்ளைக் கோடுகள். கடைக்காரரே சொன்னார்: "அண்ணே, வீட்டுக்குப் போய் பெயின்ட்ட எடுத்துப் பாருங்க. விரிசல் கிரிசல் இருந்தா ஒரு வாரத்துக்குள்ள கொண்டாங்க, மாத்தித் தரேன்." பழைய வீல் வாங்குகிறவர் எவரும் பேரம் முடியும் முன் இந்த ஒரு வார்த்தையை வாங்கிவிட வேண்டும். விலையில் ஐந்நூறு குறைப்பதைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

பவுடர் கோட்டிங்குக்கு (தூள் பெயின்ட்டைச் சூட்டில் உருக்கிப் படியவைப்பது) விசாரித்தேன். வீலுக்கு 2,500, நான்குக்குப் பத்தாயிரம். வீலின் விலையைவிட அதிகம். சரி, நாமே அடிப்போம் என்று முடிவானது அப்படித்தான்.

விரிசல்

டயர் இல்லாத வெறும் வீல் என்பதால் வேலை சுலபம். பாத்திரம் கழுவும் சோப்பும் பிரஷ்ஷும் போட்டு இரண்டு முறை கழுவினேன். கருப்பாக ஒட்டியிருப்பது பிரேக் பேடிலிருந்து வரும் இரும்புத் துகள். ஊறவைத்துத் தேய்த்தால் போகும். கக்கூஸ் கழுவும் ஆசிட் ஊற்றினால் நொடியில் வெளுக்கும் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த ஆசிட் அலுமினியத்தையே அரிக்கும். காஸ்டிக் சோடாவும் அப்படித்தான்.

கழுவிக் காயவைத்தபின் செய்ய வேண்டிய முதல் வேலை விரிசல் தேடுவது. விரிசல் பெரும்பாலும் முகத்தில் இருக்காது. பின்பக்கம், காருக்கு உள்ளே பார்த்தபடி இருக்கும் விளிம்பில்தான் வரும். பள்ளத்தில் விழும்போது அடி வாங்குவது அந்த விளிம்பு. பழைய பட்டறைகளில் செய்யும் சோதனை ஒன்று உண்டு: சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, அதன் மேல் சாக்பீஸ் தூளைத் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைத் தூளில் கோடாகத் தெரியும். மண்ணெண்ணெய் கிடைக்காததால் நான் டீசல் தடவினேன்.

மூன்று வீல்களில் ஒன்றுமில்லை. நான்காவதில் உள் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு மெல்ல எழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்தது. வெறும் கண்ணுக்கு அது ஒரு பெயின்ட் கீறல், அவ்வளவுதான். மேலே ஒரு கோட் சில்வர் அடித்திருந்தால் புத்தம் புதிது போல் இருந்திருக்கும், உள்ளே குடும்பத்தோடு நான் போய்க்கொண்டிருப்பேன்.

பெயின்ட் எதையும் பலப்படுத்தாது, மறைக்க மட்டும் செய்யும். விரிசல் விட்ட வீலை ஆர்கான் வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. அலாய் வீல் வார்ப்பில் மட்டும் பலம் பெறுவதில்லை. வார்த்தபின் சுமார் 540 டிகிரியில் சூடாக்கி, குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் பதப்படுத்துகிறார்கள். டி6 பதம் என்பது அதைத்தான். வெல்டிங் சூடு அந்தப் பதத்தைச் சுற்றிலும் கெடுத்துவிடும். பழைய பெயின்ட்டை எடுக்க புளோ லேம்ப் தீயைக் காட்டுவதும் அதே காரணத்தால் கூடாது. நான் வீலைத் திருப்பிக் கொடுத்தேன், கடைக்காரர் பேச்சு மாறாமல் வேறொன்று தந்தார்.

மாற்றி வந்த அந்த வீல்தான் பிறகு உரிந்த வீல்.

பெயின்ட் அடித்த பத்து நாள்

முதல் மூன்று வீல்களில் கம்பெனிக் கோட்டிங் பெரும்பகுதி கெட்டியாக இருந்தது. தூக்கிய இடங்களை மட்டும் 180 நம்பர் உப்புத்தாளால் எடுத்து, ஓரத்தை 320-ல் சாய்த்து, விரல் ஓட்டினால் படி தட்டாத அளவுக்குக் கொண்டுவந்தேன். உரசல் காயங்களை அரம் போட்டுச் சமன் செய்து, பள்ளம் நிரப்பும் பட்டி வைத்தேன். பிறகு வீல் முழுவதும் 400, 600 வாட்டர் பேப்பர். ஒரு வீலுக்கு நான்கு மணி நேரம் பிடித்தது. ஸ்ப்ரே அடிக்கும் நேரம், எல்லா கோட்டும் சேர்த்து, வீலுக்கு அரை மணி நேரம்கூட இல்லை. வேலை முழுக்கத் தேய்ப்பதில்தான் இருக்கிறது.

மாற்றி வந்த நான்காவது வீலில் பழைய பெயின்ட் கன்னாபின்னாவென்று இருந்தது. யாரோ ஏற்கெனவே அடித்த கோட் வேறு. இதை ஒழுங்காகச் செய்வோம் என்று பெயின்ட்டைக் கரைக்கும் ரிமூவர் போட்டு முகத்தை முழுக்கச் சுரண்டி, பளபளவென்று அலுமினியம் தெரியும்படி எடுத்தேன். நான்கில் இதற்குத்தான் அதிகம் உழைத்தேன்.

மாசி மாதம். மழை இல்லை, வெயிலும் உச்சத்துக்கு வரவில்லை. கடலோர ஊரில் விடிகாலையில் அடிக்கக் கூடாது. பனி ஈரம் கோட்டுக்குள் சிக்கினால் வெள்ளையாகப் பூக்கும். உச்சி வெயிலில் வீல் கையை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் துளி பரவுமுன் காய்ந்து ஆரஞ்சுத் தோல் போலாகும். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை எனக்குச் சரியாக வந்தது. ஒரு நாள் பக்கத்து வீட்டு அம்மா மாடியில் வடாம் பிழிந்து காயவைத்திருந்தார். அன்று ஸ்ப்ரே எடுக்கவில்லை. தூசி எவ்வளவு தூரம் போகும் என்பது காற்றுக்குத்தான் தெரியும், அதைத் தின்னக் கூடாது. கார்பன் ஃபில்டர் வைத்த மாஸ்க்குக்கு 450 ரூபாய் ஆனது. அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஹார்டனர் கலக்கும் டூ-கே கிளியர் பெட்ரோல் பட்டாலும் தாங்கும், ரொம்ப கெட்டி. ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது, ஸ்ப்ரே பூத் இல்லாத வீட்டில் அதைத் தொடாமல் சாதாரண அக்ரிலிக் கிளியரே போட்டேன்.

அடிக்கும் முறையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கேனை, உள்ளே கிடக்கும் குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கியபின் இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். ஒரு சாண் தூரம், வீலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்கும் வீச்சு, மெல்லிய மூன்று கோட், நடுவே பத்து பதினைந்து நிமிடம். ஒரே கோட்டில் மூட ஆசைப்பட்டால் பெயின்ட் இறங்கிவிடும். அடிக்குமுன் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது காயுமுன் இன்னொரு சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். டயர் பாலிஷில் உள்ள சிலிகான் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பெயின்ட் அங்கே ஒதுங்கி மீன்கண் போலக் குழி விழும்.

ஆனால் ஒரு இடத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நட்டு அமரும் கூம்புக் குழியிலும், வீலின் பின்புறம், வீலைத் தாங்கும் ஹப்போடு ஒட்டும் தட்டையான முகத்திலும் பெயின்ட் படவே கூடாது. நட்டை முறுக்கும்போது நடுவில் பெயின்ட் இருந்தால் இறுக்கம் வந்த மாதிரி காட்டும். ஓடும்போது சூட்டிலும் அதிர்விலும் அந்தப் பெயின்ட் நசுங்கிக் கரையும், அதன் கனம் போன அளவுக்கு நட்டு தளரும். நான்கே நட்டு உள்ள வண்டி இது. செய்தித்தாளைக் கடலைப் பொட்டலம் மடிப்பது போலக் கூம்பாகச் சுருட்டி, ஒவ்வொரு துளையிலும் கூர்முனையை உள்ளே விட்டு, துளை வாயில் டேப் ஒட்டினேன். பின்முகத்துக்கு வட்டமாக வெட்டிய அட்டை. டயர் உட்காரும் பீடிங் இடத்தையும் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்ததோடு விட்டேன். அங்கே அரிப்பு இருந்தால் காற்று மெல்ல இறங்கும், தடித்த பெயின்ட் இருந்தாலும் இறங்கும்.

ஒரு வாரம் காயவிட்டுப் புது டயர் போட்டு, பேலன்ஸிங் செய்து மாட்டினேன். டயர் கடையில் விளிம்பில் அடிக்கும் எடைக்குப் பதிலாக உள்பக்கம் ஒட்டும் எடையைக் கேட்டு வாங்கினேன். அடிக்கும் எடை முதல் நாளே பெயின்ட்டைக் கீறிவிடும். நட்டுகளுக்கு கையேட்டில் சொன்ன 85 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை), எழுபது கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு முறை.

உரிந்ததற்குக் காரணம்

உரிந்த தோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தெருமுனை டிங்கரிங் பட்டறையில் முப்பது வருடமாகப் பெயின்ட் அடிக்கும் அண்ணனிடம் காட்டினேன். அவர் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி, அலுமினியத்தில் ஒட்டியிருந்த பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.

"சாம்பல் பிரைமரு முழுசா தோல்லயே இருக்கு பாரு. அப்போ பெயின்ட் நல்லாத்தான் ஒட்டியிருக்கு, பிரைமர்தான் மெட்டல்ல நிக்கல. வெறும் அலுமினியமா எடுத்துட்டு அடிச்சியா தம்பி?"

"ஆமாண்ணே."

"எட்ச் பிரைமர் போட்டியா?"

போடவில்லை. அப்படி ஒன்று தேவை என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

அவர் சொன்னதன் காரணத்தைப் பிறகு தேடிப் படித்தேன். அலுமினியத்தைத் தேய்த்து வைத்த உடனே காற்று பட்டு அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு படலம் உருவாகிவிடும். இரும்புக்குப் போடும் சாதாரண பிரைமர் அதன் மேல் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். காய்ந்ததும் கெட்டியாகத்தான் தெரியும். எங்கோ ஒரு சிறு கல் பட்டு ஓட்டை விழுந்தால் போதும், தண்ணீர் அதன் வழியாக அடியில் புகுந்து பரவும். கடல் காற்றின் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எட்ச் பிரைமரில் உள்ள பாஸ்பாரிக் அமிலம் அந்தப் படலத்தைக் கடித்து உலோகத்தோடு பிணையும். மற்ற மூன்று வீல்களில் கம்பெனி போட்ட அடிக்கோட்டே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. நான் அதன் மேல் ஒட்டினேன், அது உலோகத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. நான்காவதில், நன்றாகச் செய்கிறோம் என்று நினைத்து அந்தப் பிடியைத்தான் சுரண்டிப் போட்டிருந்தேன்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை செய்தேன். புது பிளேடால் குறுக்கே ஆறு கோடு, நெடுக்கே ஆறு கோடு, இரண்டு மி.மீ. இடைவெளியில் கீறினால் இருபத்தைந்து சின்னக் கட்டங்கள் வரும். மேலே டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுக்க வேண்டும். பெயின்ட் கம்பெனிகளும் இதே முறையில்தான் பிடிமானம் பார்க்கிறார்கள். நல்ல வீலின் ஆரத்துப் பின்புறத்தில் இழுத்தேன், டேப் சுத்தமாக வந்தது. உரிந்த வீலில் இழுத்தேன். இருபத்தைந்தில் இருபத்தொரு கட்டம் டேப்போடு வந்துவிட்டது. இதை அன்றைக்கே, கலர் அடிக்குமுன் பிரைமரில் செய்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

மறுபடி அடித்தது

பொங்கல் விடுமுறையில் அந்த வீலைக் கழற்றி, அதன் இடத்தில் ஸ்டெப்னியைப் பின்பக்கமே மாட்டினேன். விட்டம் ஒன்றாக இருந்ததால் நான்கு நாள் மெதுவாக ஓட்டச் சிரமம் இல்லை. டயரைக் கழற்றவில்லை. காற்றை இறக்கிவிட்டு, வீட்டில் சேர்ந்து கிடந்த கல்யாணப் பத்திரிகைகளின் தடித்த அட்டையை மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டி, ரிம்முக்கும் டயருக்கும் நடுவே ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறும்படி வரிசையாகச் சொருகினேன். இருபதுக்கு மேல் ஆனது. மாஸ்கிங் டேப்பைவிட ஓரம் சுத்தமாக வந்தது. ரப்பர் பக்கத்திலேயே இருந்ததால் ரிமூவர் தொடாமல், தாள் போட்டே எல்லாவற்றையும் எடுத்தேன்.

காயம் இருந்த இடத்தில் பட்டியை முதலில் வைத்துத் தேய்த்து முடித்துவிட்டு, வெளியே தெரிந்த அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர். வரிசை மாறக் கூடாது என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: எட்ச் பிரைமரின் அமிலத்துக்கு மேல் பாலியஸ்டர் பட்டி சரியாக இறுகாது. எட்ச் பிரைமரைத் தடிமனாகவும் அடிக்கக் கூடாது. அடியில் உலோகம் லேசாகத் தெரியும் ஒரே கோட் போதும். அதைத் தண்ணீர் போட்டுத் தேய்க்காமல், டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் மேல் பிரைமர். அன்று மாலை கட்டம் கீறி டேப் இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. அதன் பிறகே சில்வர் கேனைக் கையில் எடுத்தேன்.

செலவு: முதல் முறை தாள் 360, பிரைமர் 600, சில்வர் 960, கிளியர் 960, தின்னர் 140, பட்டி 120, டேப்பும் கம்பி பிரஷ்ஷும் கையுறையும் 250, மாஸ்க் 450. மொத்தம் 3,840 ரூபாய். மறுபடி அடித்ததற்கு 1,120, அதில் எட்ச் பிரைமர் மட்டும் 420. ஆக 4,960. அந்த 420 ரூபாய் டப்பாவை மாசியிலேயே வாங்கியிருந்தால் மிச்சம் 700 ரூபாயும் விடுமுறையில் நான்கு நாளும் கையில் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு இன்னொரு ஐப்பசியும் கார்த்திகையும் போய்விட்டன. நான்காவது வீலில் எங்கும் நுனி தூக்கவில்லை. இரண்டாவது வீலில், வால்வு துளை ஓரத்தில், கிளியருக்கு அடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி வந்திருக்கிறது. அதைச் சுற்றி மார்க்கரால் வட்டம் போட்டு, தேதி எழுதி வைத்திருக்கிறேன். வட்டத்தைத் தாண்டினால் அந்த இடத்தை மட்டும் எடுத்து எட்ச் போட வேண்டும், டப்பாவில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது.